சாமை ஏன் போச்சு? வரலாறு படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்காக



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. "சார், பையனை எதுல சேர்க்கலாம்?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு பேர் மட்டும், "பொண்ணு வரலாறுதான் எடுப்பேன்னு அடம் பிடிக்கிறா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லி மனச மாத்துங்க" என்றார்கள். வரலாற்று வாத்தியாரிடமே வந்து வரலாறு வேண்டாம் என்று சொல்லச் சொல்லும் தைரியம் நம் கொல்லிமலை ஜனங்களுக்குத்தான் வரும்! அந்த இரண்டு பேரில் ஒருவன் என் சொந்தத் தம்பி மகன். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்குமாக ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தம்பி பேத்திக்கு வரலாற்று ஆசை எப்படி வந்தது என்று விசாரித்தேன். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கு பார்த்தாலும் கூட்டம், பேரணி, கட்டுரைப் போட்டி. அப்படி ஒரு கூட்டத்தில் பேச வந்தவர், "உங்கள் முன்னோர் சாமையும் தினையும் சாப்பிட்டுத் திடமாக இருந்தார்கள். நீங்கள் சோம்பல் பட்டும் நாகரிக மோகத்திலும் அதைக் கைவிட்டு விட்டீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து அதைத் தன் பாட்டியிடம், அதாவது என் தம்பி மனைவியிடம், சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "சோம்பலா? கோழி கூப்பிட எந்திரிச்சு உலக்கை புடிச்சவ கையை அந்த ஆளு பாத்திருக்கானா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரே கேள்வி. சாமை ஏன் போச்சு?

நான் சொல்கிறேன், இது வரலாற்றுக் கேள்வி. சுத்தமான, முதல் தரமான வரலாற்றுக் கேள்வி.

நான் கல்லூரியில் படித்தது 1970-களின் கடைசியில், சேலத்தில். அப்போது அந்தப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல்தான் வந்தது. பாடம் பெரும்பாலும் அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள். ஒருநாள் சோழர் ஆட்சிமுறை வகுப்பில் பேராசிரியர், "பல ஊர்கள் சேர்ந்தது நாடு" என்று சொல்லி, அது என்றைக்கோ வழக்கொழிந்துபோன அமைப்பு என்ற தொனியில் பேசிக்கொண்டு போனார். நான் எழுந்து, "சார், எங்க மலையில இன்னும் நாடு இருக்குங்க. நான் தேவனூர் நாடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வகுப்பு முடிஞ்சதும் என்னை வந்து பார்" என்றார்.

அவர்தான் எ. சுப்பராயலு எழுதிய புத்தகத்தை என் கையில் கொடுத்தார். சோழ நாட்டின் அரசியல் புவியியல் பற்றி 1973-இல் வெளியான ஆங்கில நூல் அது. கல்வெட்டு கல்வெட்டாகப் படித்து, எந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் குறித்திருப்பார். நாடு என்பது அரசன் உட்கார்ந்த இடத்திலிருந்து கோடு கிழித்துப் பிரித்த துண்டு நிலம் இல்லை, பயிர் செய்து பிழைத்த ஊர்களின் கூட்டு என்று அவர் காட்டியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நமக்குப் பதினான்கு நாடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று நாம் தினமும் வாயில் சொல்கிற பெயர்கள். பஞ்சாயத்துப் பெயர்ப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன 'நாடு' என்ற சொல்லுக்குள் ஆயிரம் வருஷத்து விவசாயம் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரலாறு என்றால் ராஜா கதை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன். நம் மலைக்கு ராஜா கதையும் உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. வருஷா வருஷம் ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. நல்லது. ஆனால் ஓரி காலத்திலும் யாரோ ஒருத்தி தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள் அல்லவா? அவள் கதையும் வரலாறுதான். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இன்றைக்கு அந்தக் கதையைப் படிக்கிறார்கள். விவசாய வரலாறு, சுற்றுச்சூழல் வரலாறு என்று அதற்குப் பெயர்.

சரி, சாமை ஏன் போச்சு? கட்டுரைப் போட்டி மாதிரி இல்லாமல், வரலாற்று மாணவன் மாதிரி கொஞ்சம் பார்ப்போம்.

சாமை போன இடத்தில் பெரும்பாலும் வந்து உட்கார்ந்தது மரவள்ளி. நம் ஊர்க் கிழங்கு என்று நினைக்கிறோம். அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் கப்பலில் கேரளக் கரைக்கு வந்தது. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர்க்கும் பயிர் என்று அதைப் பரப்பினார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் பர்மாவும் மலாயாவும் ஜப்பான் கைக்குப் போயின. பர்மா அரிசியும் வரவில்லை, வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வரவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில்தான் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது, சேலம், ஆத்தூர், நாமக்கல், ராசிபுரம் பக்கமெல்லாம் ஆலைகளாகப் பெருகியது. 1981-இல் ஆலைக்காரர்கள் விற்பனைக்காகச் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். ஆலைக்குக் கிழங்கு வேண்டும். அடிவாரத்துக் கிழங்கு போதாமல் வியாபாரியின் கண் மலை ஏறியது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி லாரி வர வழி இருந்ததால் கிழங்கு இறங்கியது.

பாருங்கள், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததற்கும் தேவனூர் நாட்டுக் கொத்துக்காட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு வேறு எது?

ஆனால் ஆலை அழைத்தது மட்டுமே காரணம் என்றாலும் அது பாதி உண்மைதான். கேழ்வரகை அப்படியே திரிகையில் போட்டு அரைக்கலாம். சாமை அப்படி இல்லை. உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, அதன் பிறகுதான் உலைக்குப் போகும். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. என் அம்மாவின் உள்ளங்கையைத் தொட்டால் மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும். ரேஷன் கடையில் குத்தின அரிசி கிடைக்கும்போது, எந்தப் பெண் உலக்கையை விட்டு வருத்தப்படுவாள்? 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. தம்பி மனைவியின் கோபத்தில் இருந்த நியாயம் இதுதான்.

இன்னொரு காரணம் இருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை, என் வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புரட்டாசி, ஐப்பசி வந்தால் வகுப்பில் பாதி இடம் காலி. சாமைக் கதிர் முற்றும் நேரம். பிள்ளைகள் குருவி ஓட்டக் காட்டுக்குப் போய்விடும். வீடு வீடாகப் போய் அழைத்து வருவோம். வருஷம் போகப் போகக் காலி இடம் குறைந்தது. பிள்ளைகள் படிக்க வந்தார்கள், உறைவிடப் பள்ளியில் தங்கினார்கள். காட்டில் குருவி ஓட்ட ஆள் இல்லை. மரவள்ளிக்குக் குருவிக் காவல் வேண்டியதில்லை; கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஆக, சாமை போனதில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நீங்கள் படித்ததற்காக நான் வருத்தப்படுவேனா? மாட்டேன். ஆனால் ஒரு நல்லது நடக்கும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று போய்விடுகிறது என்பதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். வரலாற்றின் வேலை அதுதான். பழசெல்லாம் பொன் என்றும் சொல்லாது, புதுசெல்லாம் முன்னேற்றம் என்றும் சொல்லாது.

போனது சின்ன விஷயமும் இல்லை. சாமை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று எத்தனை ரகம்! கேழ்வரகிலும் தினையிலும் அப்படியே. முன்னால் முற்றுவது ஒன்று, பின்னால் முற்றுவது ஒன்று, கரட்டு நிலத்துக்கு ஒன்று. ஊடே துவரை, அவரை, கடுகு. மழை ஒன்றை ஏமாற்றினால் இன்னொன்று காப்பாற்றும். மரவள்ளி காசு கொடுத்தது, ஓட்டு வீடு கொடுத்தது, பிள்ளைகளின் காலேஜ் பீஸ் கொடுத்தது. ஆனால் சரிவு நிலத்தில் கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி மழையில் போகிறது. மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை சொல்கிறவன் கீழே ஆலையில் இருக்கிறான். விலை சரிந்த வருஷத்தில் கிழங்கை மட்டும் தின்று வருஷத்தை ஓட்ட முடியாது.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னால் பிறர் கேட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எலிசபெத் ஃபின்னிஸ் என்ற கனடா நாட்டு மானுடவியல் ஆய்வாளர் நம் மலைக்கு வந்து தங்கி, சிறுதானியத்தை விட்டு ஏன் பணப்பயிருக்குப் போனீர்கள் என்று விவசாயிகளிடமே கேட்டு, 2006-இல் அமெரிக்க மானுடவியல் இதழில் கட்டுரை எழுதினார். மழை முன்போல இல்லை, பிள்ளைகள் படிப்புக்குக் காசு வேண்டும், நல்ல வீடு கட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் சொன்னதையெல்லாம் மதித்துப் பதிவு செய்திருக்கிறார். ஏமாந்துபோன அப்பாவிகள் என்று நம்மை எழுதவில்லை. யோசித்து முடிவெடுத்தவர்கள் என்று எழுதினார்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் நடுவிலிருந்து நம் மலையில் வேலை செய்வதும் உங்களுக்குத் தெரியும். விதை வங்கி வைத்தார்கள், ரகங்களைச் சேகரித்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஊர்களில் சின்னச் சின்ன உமி நீக்கும் மில்களை வைத்தார்கள். இங்கேதான் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதன் அருமை தெரிகிறது. "சோம்பலால் விட்டார்கள்" என்று நினைத்தால் அதற்கு மருந்து மேடைப் பேச்சும் பேரணியும். "உலக்கை வலியால் விட்டார்கள்" என்று தெரிந்தால் மருந்து ஒரு மில். நோய் ஒன்று இருக்க வேறொன்றுக்கு மருந்து கொடுத்தால் தீருமா? வரலாறு தப்பாக இருந்தால் திட்டமும் தப்பாகத்தான் வரும்.

காட்டுக்கும் இதே கதைதான். 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபோது காப்புக்காடு என்று எல்லை போட்டார்கள். அதற்கு உள்ளே என்ன உரிமை, வெளியே என்ன உரிமை என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இமயமலைப் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்த சிப்கோ இயக்கம் 1973-இல் திடீரென்று முளைத்ததில்லை, அதற்குப் பின்னால் தலைமுறை தலைமுறையான காட்டு உரிமைப் போராட்டம் இருந்தது என்று 1989-இல் ராமச்சந்திர குகா புத்தகம் எழுதிக் காட்டினார். நம் மலைக்கு அப்படி ஒரு புத்தகத்தை நம் பிள்ளை ஒருவர் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆசை மட்டுமில்லை, தேவையும் இருக்கிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின் விதிகளை எடுத்துப் பாருங்கள். உரிமை கோருகிறவர் எதையெல்லாம் ஆதாரமாகக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். பழைய கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம், பேர்பெற்ற நிறுவனங்கள் வழக்கங்களைப் பற்றிச் செய்த ஆய்வு, எல்லாம் அதில் உண்டு. இவையெல்லாம் என்ன? வரலாற்று மாணவனின் கருவிகள்! 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியரும் வெள்ளைக்கார அதிகாரிகள் வரி வசூலுக்காக எழுதியவை. அவற்றில் நம்மைப் பற்றி வரும் வரிகளை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் நம் ஊரில் ஒருவராவது வேண்டாமா?

அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உழவுகாடு எது, கொத்துக்காடு எது, வயல் எது என்று சொல்லாமலே தெரியும். பாட்டி கேலியாகச் சொல்வது எது, மனம் நொந்து சொல்வது எது என்று தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் வருஷக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொள்ள வேண்டியது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் அது மட்டும் போதாது. கேட்டதைச் சரிபார்க்கவும், ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியோடு வைத்துப் பார்க்கவும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கோப்பைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் பல்கலைக்கழகம்.

இப்போது பெற்றோர் கேள்விக்கு வருகிறேன். "சோறு போடுமா சார்?" நியாயமான கேள்வி. வீட்டுக்கு வீடு கடன் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காத அப்பாதான் பொறுப்பில்லாதவர். பி.ஏ. முடித்த மறுநாள் வேலை நிற்காது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் வரலாறு பெரிய பங்கு. பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை, நானே சாட்சி. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் இருக்கின்றன. மேலே ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பழங்குடி மாணவர்களுக்கென்று தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்; கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

வரலாறு படித்தவர் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்துவிட முடியும் என்று ஒருவர் கேட்டார். தமிழில் பறவைகளையும் காடுகளையும் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய சு. தியடோர் பாஸ்கரன் கல்லூரியில் படித்தது வரலாறு. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து, பிறகு அஞ்சல் துறை அதிகாரியானவர். போதுமா?

தம்பி மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பயப்படாதேப்பா. பாப்பா மூணு வருஷம் படிக்கட்டும். ஆங்கிலத்தையும் கம்ப்யூட்டரையும் விடாம பிடிச்சுக்கச் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்." "சரிங்க பெரியப்பா" என்றான். குரலில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பரவாயில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று.

கடைசியாக உங்கள் எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ரிட்டையர் ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே!

வீட்டில் இருக்கிற வயதான அம்மா, ஆயா, தாத்தாவிடம் நாலு கேள்வி கேட்டு எழுதுங்கள். ஒன்று, நம் காட்டில் என்னென்ன தானியம், என்னென்ன ரகம் போட்டோம்? இரண்டு, மரவள்ளி முதன்முதலில் நட்டது எப்போது? மூன்று, சாமை கடைசியாக விதைத்தது எப்போது, ஏன் நிறுத்தினோம்? நான்கு, ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் என்ன பெயர்?

"எந்த வருஷம்?" என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அப்படிக் கேட்காதீர்கள். "பெரிய மாமா கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா? எம்.ஜி.ஆர். இறந்தப்போ காட்டுல என்ன நின்னுச்சு?" என்று கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் வருஷம் தானாக வந்து நிற்கும். எழுத்தில்லாதவர்களின் வரலாற்றை எழுதுகிற பெரிய பெரிய ஆய்வாளர்களும் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

சொன்னவர் பெயர், வயது, எந்த ஊர், கேட்ட தேதி, நாலும் இல்லாமல் எழுதினால் மதிப்பெண் கிடையாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள். இந்த வருஷம் மட்டும் நம் பக்கத்தில் மூன்று பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் எத்தனை விதையின் பெயர் போனதோ. அடுத்த மழைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்
தேவனூர் நாடு, கொல்லிமலை